சும்மாவந்தவன் எழுதிய மூன்று வரிகள்

1

இந்தக் கதை ஒரு வெட்கத்திலிருந்து பிறந்தது. பங்குச்சந்தை பற்றிப் பேசும் இணைய மன்றம் ஒன்றில் நான் மூன்று வருடமாக உறுப்பினன். அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது, புனைபெயர்தான். ஒருநாள் மதியம், ஒரு பம்ப் கம்பெனியைப் பற்றிய பேச்சுக்கு நடுவே, ‘சும்மாவந்தவன்’ என்ற புதுக் கணக்கிலிருந்து மூன்று வரி வந்தது: “இந்தக் கம்பெனி பம்புகளில் பத்துக்கு மூன்று சோதனையிலேயே ஒழுகுகிறது. நல்லது என்று சீட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். பங்கு வாங்குமுன் யோசியுங்கள்.”

கீழே நாற்பது பேர் சிரிக்கும் முகத்தைப் போட்டிருந்தார்கள். நாற்பத்தொன்றாவது ஆள் நான்.

பிறகு மனசு கேட்கவில்லை. எழுதியது யார்? தெரியாது. அதனால் ஒருவரை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: “அவன் பெரிய எத்தன். விலையை இறக்கிவிட்டு, தானே மலிவாக அள்ளிக்கொள்ள…”

(வேண்டாம். இப்படி எழுதினால் நான் சிரித்தது நியாயமாகிவிடும்.)

இரண்டாவது: “அவள் பம்ப் தொழிற்சாலையில் பரிசோதகி.” இது நிற்கிறது. நிற்கட்டும்.

3

பம்பைத் தொட்டியில் பொருத்தி, அழுத்தம் ஏற்றி, இருபது நிமிடம் கண்கொட்டாமல் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒழுகினால் சிவப்புச் சீட்டு, இல்லையென்றால் பச்சை. புது ரப்பர் வளையங்கள் வந்ததிலிருந்து பத்தில் மூன்று ஒழுகின. மேலாளர் சிவப்புச் சீட்டுக் கட்டை எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“பச்சையையே ஒட்டும்மா. அடுத்த லோடுல வளையத்த மாத்திடலாம்.”

மாற்றவில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பாள், அண்ணன் மட்டும் அந்தப் பங்கை வாங்காமல் இருந்திருந்தால்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஞாயிறு மதியம் சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் போன் இருக்கும்.

“பங்கு மன்றத்துல பொறுமைசாலினு ஒருத்தர் எழுதறார். உங்க கம்பெனி ரெண்டே வருஷத்துல எங்கயோ போயிடுமாம். கையில இருந்ததெல்லாம் போட்டுட்டேன்.”

“யாருண்ணா அவரு?”

“யாருக்குத் தெரியும்? ஆனா மனுஷன் படம், அட்டவணை எல்லாம் போட்டுப் பின்னி எடுக்கறார்!”

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். உள்ளே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவள். மறுநாள் உணவு இடைவேளையில் ஓர் ஆணின் பேரில் கணக்குத் தொடங்கி அந்த மூன்று வரியை எழுதினாள். சோதனைக் கூடத்தில் பெண் அவள் ஒருத்திதான்.

4

(கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். பொறுமைசாலி எங்கள் மன்றத்தில் நிஜமாகவே உண்டு. பன்னிரண்டு பக்கம் எழுதினார், நம்பினோம். அவரும் முகமில்லாதவர்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கண்ணால் பார்த்தவளோ மூன்று வரிதான் எழுதுவாள், அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. ஆனால் பொய் சொல்கிறவனும் மூன்று வரி எழுதலாமே? எழுதலாம். அதுதான் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. இந்தப் பத்தியை ஆறு தடவை அடித்து…)

5

அவள் பதிவுக்குக் கீழே ‘மூணாவது கியர்’ என்பவன் எழுதியிருந்தான்: “பொறாமை புடிச்ச பய. தைரியமிருந்தா பேரைச் சொல்லுடா!” அது யார் என்று அவளுக்குத் தெரியும். வேலை முடிந்து நேரே பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். அண்ணன் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, அந்த ‘டா’ நான்தான்.”

துணி அப்படியே நின்றது.

“நெஜமாவே ஒழுகுதா?”

“என் கை நனைஞ்சுதுண்ணா.”

“ஞாயித்துக்கிழமையே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொன்னா வேலை போயிடும். நீ இப்ப வித்தாலும் தப்பு. உள்ள இருக்கறவ சொன்னத வச்சு விக்கறது குத்தம்.”

“சரி, விக்கல. என் தலையெழுத்துன்னு விட்டுடறேன்.” “ஆனா என் பேச்சைக் கேட்டு எட்டுப் பேர் வாங்கியிருக்காங்க. எல்லாம் எங்கிட்ட வண்டி கத்துக்கிட்டவங்க, இந்த மன்றத்தப் படிக்கறவங்க. தெனம் அவங்க மூஞ்சில முழிக்கணும்.”

போனை எடுத்தான். தட்டினான்: “சும்மாவந்தவன் சொல்வது உண்மை. என் தங்கை அங்கேதான் பரிசோதகி…”

அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “தங்கைன்னு போடாத!”

“போடலன்னா எவன் நம்புவான்? நானே நம்பலையே!”

6

ஒரு முடிவில் அவன் அந்த வரியை அழித்தான். எட்டுப் பேரும் ஏமாந்தார்கள், அவள் பச்சைச் சீட்டு ஒட்டிக்கொண்டே… இன்னொன்றில் அவன் அனுப்பிவிட்டான். திங்கட்கிழமை காலை மேலாளர் அவளைக் கூப்பிட்டு… இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பிடிக்கவில்லை.

அண்ணன் விஷயத்தில் ஒன்று மட்டும் என் கற்பனை இல்லை. மன்றத்தில் அந்த மூன்று வரிக்குக் கீழே யாரோ ஒரு பதில் போட்டு, நான்கே நிமிடத்தில் நீக்கியிருந்தார்கள். ‘நீக்கப்பட்டது’ என்ற சொல் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அந்த ஒரு சொல்லிலிருந்துதான் எனக்கு இந்த அண்ணன் கிடைத்தான்.

நான்கு நிமிடத்தில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? எட்டுப் பேரா? மேலாளரா? யாருமே இல்லையா?

அவள் இன்னும் பிடியை விடவில்லை. அண்ணனின் பெருவிரல் ‘அனுப்பு’ பொத்தானுக்கு மேல் நிற்கிறது. விடு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, பிடித்துக்கொள் என்று சொல்லவும் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். பேர் போடாமல் சொன்னாலும் பரவாயில்லை, இந்தத் தடவை கேட்டுக்கொள்கிறேன்.