அட்டை வெளியே போகாது

1

இந்தக் கதை எனக்கு ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகிற பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து சீட் பெண்ணின் இயர்போன் போனில் சரியாகச் சொருகாததால், அவள் கேட்டது எனக்கும் கேட்டது. ஒரு பெண் குரல், "வெல ஏறிச்சின்னா இன்னா ஆவும்? வாங்கறவன் யோசிப்பான்" என்று பொருளியல் நடத்திக்கொண்டிருந்தது. யார் குரல் என்று கேட்டேன். "எங்கொரல்தாங்க" என்றாள். பெயர் பானுப்ரியா. முள்ளிப்பட்டில், வீட்டிலேயே பட்டுத்தறி.

கதைக்கு நல்ல தொடக்கம் வேண்டுமென்று இப்படி எழுதினேன்: "பொழுது விடிய, தறியின் தாளத்தில் பானுப்ரியா..." அடித்துவிட்டேன். ஆரணி என்றதும் தாளம் போட வந்துவிடுகிறோம், பாவம் அந்த ஊர்.

2

அஞ்சல்வழியில் பி.ஏ. பொருளியல் படிக்கிறாள். பாடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது: யாரும் படியெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், எடுத்த இடத்தைச் சொன்னால் போதும். நெய்கிறபோது கண்ணை இழையிலிருந்து எடுக்க முடியாது. அதனால் பாடத்தைத் தன் பேச்சில் மாற்றிப் போனில் பதிவுசெய்து, நெய்துகொண்டே கேட்டாள். அந்தப் பேப்பரில் பாஸும் ஆகிவிட்டாள்.

3

சேத்துப்பட்டில் இருக்கும் அவள் ஓரகத்தி சுபலட்சுமிக்கும் அதே படிப்பு. அதே பேப்பரில் ஒருமுறை கோட்டை விட்டவள். வருகிற சனிக்கிழமை மறுபடி பரீட்சை. இதிலும் போனால் படித்தது போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டாள். பானுப்ரியா தரமாட்டேன் என்றுவிட்டாள்.

(இங்கே பானுப்ரியாவைப் பொறாமைக்காரியாக்கப் பார்த்தேன். கதை ஜல்தியாக நகரும். ஆனால் அது பச்சைப் பொய்.)

விஷயம் வேறு. அவளுக்கு வேலை கொடுக்கிற மாஸ்டர் மாணிக்கவேல், புடவையின் டிசைனைத் தறியில் மாட்டுகிற துளையிட்ட அட்டைகளாகத் தருவார். நெய்து முடித்ததும் அட்டை அவரிடமே திரும்ப வேண்டும். அதே டிசைன் இன்னொரு வீட்டுத் தறியில் தென்பட்டால் வேலை போச்சு. பாடமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். வெளியே போனது தெரிந்தால் படிப்பிலிருந்து தன் பெயரையே நீக்கிவிடுவார்கள் என்று நிஜமாகவே பயந்தாள். சுபலட்சுமி பேச்சை நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பானுப்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே என்றேன்.

"மாஸ்டருகூட, ஒங்க ஊட்டு டிசைனு மாரி நெனச்சிக்கோம்மான்னுதாங்க குடுக்கறாரு. அப்பிடி நெனச்சிகினு யாருக்காச்சும் குடுத்துட முடியுமா?"

4

கதைக்கு இரண்டு முடிவுகள் யோசித்தேன். ஒன்று: அனுப்புகிறாள், சுபலட்சுமி பாஸ், ஓரகத்திகள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எழுதிப் படித்தேன், எனக்கே திகட்டியது. இரண்டு: அனுப்பவில்லை, சுபலட்சுமி ஃபெயில், புத்தகத்தை எடுத்துப் பரண்மேல்... வேண்டாம். எழுத மனசு வரவில்லை.

5

இதுவரை எழுதியதைப் போனில் பானுப்ரியாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத எம்பேச்சுல மாத்திப் பேசிக்கட்டுங்களா? முடிவையும் மாத்துவேன்" என்றாள்.

"முடிவையுமா?" என்றேன். என் கதையாயிற்றே!

"பாத்தீங்களா, ஒங்களுக்கும் மனசு வரல" என்றாள். கோபமில்லை, சிரித்தாள்.

வெட்கமாகப் போயிற்று. தாராளமாக மாற்றிக்கொள், யாருக்கு வேண்டுமானாலும் கொடு, மனசாரத்தான் சொல்கிறேன் என்றேன்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள்.

இதோ எழுதுகிறேன், அவள் பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற அதே வார்த்தைகளில். இந்தப் பக்கத்தை முதலில் அவள் போனுக்குத்தான் அனுப்பப்போகிறேன். இந்தக் கதையை யாரும் படியெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். முடிவு உட்பட. ஒரே ஒரு நிபந்தனை, சுபலட்சுமியை மட்டும் எப்படியாவது

(அடித்துவிட்டேன். நிபந்தனை போட்டால் மாணிக்கவேலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.)