அற்புதம்மாள், பொன்மலை

அற்புதம்மாளை உண்டாக்கியது நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒப்புக்கொள்ள வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

பாலக்கரைப் பக்கம் ஒரு கான்வென்ட் பள்ளியில் தமிழ் ஆசிரியை. என் பெயர் ஃபெமினா. போன ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்குங்கள், பிள்ளைகள் எழுதட்டும், உலகமே படிக்கும் என்றார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்த நேரத்திலேயே போனில் பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூவைத் திறந்துவிட்டேன். ஆர்வக்கோளாறு எனக்குப் பிறவியிலேயே உண்டு.

உலகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டேன். நாலு கும்பிடு வந்தது, அவ்வளவுதான். பார்வை எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தால் அது நான் திறந்து பார்த்ததாக இருக்கும். "யாருமே படிக்கல மிஸ், எதுக்கு எழுதணும்?" என்று நாற்பது பிள்ளைகளில் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். மூன்றாம் வாரம் பவித்ரா மட்டும்தான் மிச்சம்.

பவித்ரா மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பா இல்லை. அம்மா ஆனந்தவள்ளிக்கு ரைஸ் மில்லில் கூலி வேலை. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். எழுத்தில் மட்டும் ஆளே வேறு. அம்மா வேலை முடிந்து வந்து முடியை உதறினால் தரையெல்லாம் தவிடு விழும், அதில் விரலால் கோலம் போட்டுப் பார்ப்பேன் என்று எழுதியிருந்தாள். படித்த அன்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது. இவளும் நிறுத்திவிடுவாளே என்ற பதற்றத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மிஸ் பாராட்டினால் அது மார்க் போடுவது மாதிரி. வெளியாள் யாராவது பாராட்ட வேண்டும். புது மின்னஞ்சல் ஒன்று தொடங்கி, அவள் பதிவுக்குக் கீழே, "அந்தக் கோலத்தைப் பெருக்கித் தள்ள உனக்கு மனசு வந்ததா கண்ணு?" என்று எழுதினேன். "அற்புதம்மாள், பொன்மலை" என்று கையெழுத்துப் போட்டேன். வெறும் பெயர் நம்பும்படியாக இல்லை. "ஓய்வு பெற்ற நர்ஸ்" என்று சேர்த்தேன். ஏன் நர்ஸ்? டீச்சர் என்று போட்டிருக்கலாம், தையல்காரி என்று போட்டிருக்கலாம். இன்றுவரை அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

மறுநாள் பவித்ராவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "மிஸ், பொன்மலைலேந்து ஒருத்தவங்க படிச்சிருக்காங்க மிஸ்!" அவள் தானாக என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். ஆகஸ்ட் முழுக்க அவள் எழுதினாள், அற்புதம்மாள் பதில் போட்டாள். அற்புதம்மாளுக்கு முட்டிவலி வந்தது. மகன் ஆஸ்டின் துபாய்க்குப் போனான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் அது பிடித்துப்போயிற்று.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. வினாத்தாள், கண்காணிப்பு, ஐந்து வகுப்பு விடைத்தாள் கட்டு. மூன்று வாரம் வலைப்பூவைத் திறக்கவே இல்லை. என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லலாம். உண்மை, மறந்துவிட்டேன்.

விடுமுறை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். பவித்ராவின் கடைசிப் பதிவுக்குக் கீழே, வேறு யாரும் வராத அந்த இடத்தில், அற்புதம்மாளுக்கு நான்கு செய்திகள் இருந்தன.

"நர்ஸம்மா, எங்கம்மா இருமினா ரத்தம் வருது. வெளிய தெரிஞ்சா மில்லுல நிறுத்திடுவாங்க, யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க எங்களத் தெரியாதவங்க, அதனால சொல்லலாம்னு நினைக்கிறேன். என்ன செய்யணும்?"

ஐந்து நாள் கழித்து, "தவிட்டுத் தூசிதான், ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்னு அம்மா சொல்றாங்க. அப்படியா?" அடுத்தது, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" கடைசியில், "போங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நர்ஸே சொல்லிட்டாங்கன்னு அம்மாவ இழுத்துட்டுப் போயிடுவேன்."

கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். மண்ணச்சநல்லூரில் அவள் வீட்டு வாசலில் ஷாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தவள்ளியை முந்தின நாள் எரித்திருந்தார்கள். பவித்ரா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் வீரமலை எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, "இது இன்னும் ஒரு சொட்டு அழல டீச்சர், பயமா இருக்கு" என்றார். நான் அன்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பள்ளி திறந்ததும் அவளே ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"பொன்மலை நர்ஸம்மா ஏன் மிஸ் பதிலே போடல? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கோழைக்கு எப்போதும் ஒரு பொய் கைவசம் இருக்கும். "அவங்க இறந்துட்டாங்கம்மா. மகன் மெயில் போட்டிருந்தார்."

அம்மாவுக்கு அழாத பெண் அங்கே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். "அதான் பதில் வரல. நான் மனசுக்குள்ள அவங்களத் திட்டிட்டேன் மிஸ்" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வது!

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எங்கள் ஆட்கள் கல்லறைகளைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றும் நாள். பவித்ரா ஒரு மெழுகுவத்திப் பாக்கெட்டோடு வந்தாள்.

"எங்கம்மாவக் கொள்ளிடத்துல கரைச்சுட்டாங்க மிஸ். போய் நிக்க ஒரு இடம் இல்ல. நர்ஸம்மாவுக்காவது ஏத்திட்டு வரேன். கூட்டிட்டுப் போறீங்களா?"

கூட்டிக்கொண்டு போனேன். வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் முடியவில்லை. இறங்கியும் முடியவில்லை. பொன்மலைக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். சாமந்தியும் மெழுகு வாசனையுமாக இருந்தது. அவள் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பெயரைப் படித்தாள். மூன்றாம் வரிசையில் ஓர் அற்புதம்மாள் இருந்தாள். எனக்கு உயிரே வந்தது, இத்தோடு முடிந்துவிடட்டும் என்று. பவித்ரா தேதியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவங்க இல்ல மிஸ், எண்பத்தேழுலயே இறந்திருக்காங்க" என்று அடுத்த கல்லுக்குப் போனாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"பவித்ரா, தேடாத. அற்புதம்மாள்னு யாரும் இல்ல. நான்தான் எழுதினேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாமா மிஸ்?"

"எல்லாந்தான்."

"அப்ப அம்மாவப் பத்தி நான் எழுதினதும் உங்களுக்குத்தான் வந்துச்சா?"

"நான் அதைத் திறந்தே பார்க்கலம்மா. பரீட்சை வேலையில..."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ கணக்கு போடுகிற மாதிரி விரல்களை மடக்கினாள்.

"அந்த மூணு வாரமும் நான் ஒரு நாள்கூட லீவு போடல மிஸ். உங்க எதிர்லதான் உக்காந்திருந்தேன்."

மெழுகுவத்திப் பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத் தனியாக நடந்தாள்.