இருபது சதவீதச் சொதி

அன்று காலை என் மனைவி கோமு என்னிடம் நீட்டியது ஒரு கணக்குத் தாள். விடைக்கு நேராகப் பெரிய பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அரசுத் தேர்வு. முந்தைய இரண்டு முறையும் கரைசல் கணக்கில்தான் கோட்டை விட்டிருந்தாள். இதுவும் போனால் இனி எழுதுவதில்லை என்று சொல்லியிருந்தாள். பத்து சதவீத அமிலம், முப்பது சதவீத அமிலம் என்றாலே அவளுக்கு மண்டை காயும். அதனால் அமிலத்தை எடுத்துவிட்டுத் தேங்காய்ப்பாலைப் போட்டேன். முதல் பாலில் கொழுப்பு முப்பது சதவீதம், மூன்றாம் பாலில் பத்து. கொதிக்கும் சொதிச் சட்டியில் இரண்டையும் ஊற்றி, இருபது சதவீதத்தில் நாலு லிட்டர் வேண்டும். முதல் பால் எவ்வளவு?

"ஏட்டி, ரெண்டு லிட்டர்லா விடை. பூஜ்யம் எங்கேருந்து வந்துச்சு?"

"கொதிக்கையில முதல் பால ஊத்துனா திரிஞ்சிரும். சட்டியோட கொட்டணும். பொறவு என்ன மிஞ்சும்?"

"நாலு விடை கொடுத்திருப்பான். அதுல பூஜ்யம் இருக்காது."

"அப்ப கேள்வி போட்டவன் சொதி சாப்பிட்டிருக்க மாட்டான்."

"முதல்ல எக்ஸுன்னு வையி, கோமு."

"எக்ஸ நீங்க வையுங்க. நான் இட்லிய வைக்கேன்."

தாளைத் திருத்தாமலே பாளையங்கோட்டை பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. கோமுவுக்கு நெஞ்சுவலி. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடந்தது. கரைசல் கணக்கு வந்ததாம். விடைகளில் பூஜ்யம் இல்லையாம்.

சில மாதம் கழித்து, அவள் தங்கை செல்லக்கிளி வந்திருந்த அன்று நானே சொதி வைத்தேன். கோமுவின் தாள் திருத்தப்படாமல் கிடப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. காய்கள் வெந்து கொதிக்கையில், முதல் பாலையும் மூன்றாம் பாலையும் சரிபாதி அளந்து, சமன்பாடு சொன்னபடியே ஊற்றினேன்.

"அத்தான், அடுப்ப அணைச்சீங்களா?"

"கணக்குல அப்படி ஒண்ணும் இல்லையே."

செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள். பால் திப்பி திப்பியாக மிதந்தது.

"நல்லா வச்சீங்க போங்க. இதுல எவ்வளவு தேறும்னு நினைக்கீங்க?"

"பூஜ்யம்" என்றேன்.

சட்டியைக் கொட்டிக் கழுவிவிட்டு, தாளை எடுத்து முழு மார்க் போட்டேன். செல்லக்கிளி இன்னொரு தேங்காயை உடைத்தாள்.

முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்றினாள், அடுப்பை அணைத்த பிறகு.