அலகு கேட்ட சம்பந்தம்

எங்கள் பட்டறையில் மடக்குக் கத்திக்கு என்ன பிடி போடுவது என்பதை அலகுதான் முடிவு செய்யும். நாங்கள் வடை சாப்பிடுவதோடு சரி.

அலகைத் தீட்டி முடித்ததும் வெல்வெட் துணி விரித்து மேசை நடுவில் கிடத்துவோம். வெள்ளிக்கிழமை மதியம் தரகர் சிங்காரம் வருவார். எருமைக் கொம்பு, ஈட்டி மரம், பித்தளை எல்லாம் குளித்து, எண்ணெய் பூசிக்கொண்டு, அததன் வீட்டுப் பெரியவர்களோடு அவர் பின்னால் வரும். அவர்கள் கொண்டுவரும் உளுந்து வடையை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும். பிறகு யாரும் பேசக் கூடாது. பிடித்திருந்தால் அலகு மெல்லத் திரும்பி அந்தப் பக்கம் முனையைக் காட்டும். பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு பொட்டுத் துரு ஏற்றிக்கொள்ளும். துருவைத் துடைத்துவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்போம். ஒரு முறை அவசரத்தில் அலகைக் கேட்காமலே ஒரு கொம்பைக் கட்டிவைத்துவிட்டோம். அந்தக் கத்தி இன்றுவரை திறக்கவில்லை. வாங்கியவர் வீட்டில் செய்தித்தாள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

இந்த முறை புது மாடல் என் அக்கா மரகதத்துக்காக. அக்கா பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டி வைத்து அன்னாசிப் பழம் நறுக்கி விற்கிறாள். போன வருடம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவள் விரல்கள் எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. கத்தி நழுவி நழுவி விழுந்தது. இந்த மாதத்தோடு வண்டியை விட்டுவிடப் போகிறேன் என்றாள். செல்போன் உறை விற்கும் ஒருவர் டேப்போடு வந்து அந்த இடத்தை இப்போதே அளக்க ஆரம்பித்துவிட்டார். வண்டி போனால் அக்கா வீட்டுக்குள் முடங்கிவிடுவாள்.

அலகோ எதற்கும் மசியவில்லை. கொம்புக்குத் துரு. ஈட்டிக்கும் துரு. பித்தளை, பாவம், வந்த சுருக்கில் முகம் மங்கிப் போய் உட்கார்ந்துவிட்டது. அன்று வடை கொஞ்சம் கூடிப்போனதில் நான் சுவரோரம் சாய்ந்து தூங்கிவிட்டேன். சம்பந்தம் பேசும் இடத்தில் செய்யக் கூடாத காரியம்தான். கண் விழித்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலகின் முனை என் பக்கம் திரும்பியிருந்தது.

"என்னையா கேக்குது?" என்றேன்.

"உங்கள யாரு கேட்டா? உங்க தூக்கத்தக் கேக்குது," என்றார் சிங்காரம். "மத்தியானத் தூக்கம். நல்ல இடம்தான், விட்றாதீங்க."

என் மனைவி குமுதாவிடம் சம்மதம் கேட்டோம். "குறட்டையையும் சேத்து எடுத்துக்கிட்டா எனக்குச் சம்மதம்," என்றாள்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் பட்டறையிலேயே படுத்தேன். நன்றாகத் தூங்கியதும் தூக்கத்தை உருவி எடுத்துவிட்டார்கள். இரண்டு பட்டையாக அறுத்து அலகின் இருபுறமும் வைத்தோம். பித்தளைக்கு மனக்குறை வேண்டாம் என்று ஆணிகளை அதிலேயே செய்து அடித்தோம். அரம் போட்டபோது பறந்த தூளில் பட்டறை முழுக்கக் கொட்டாவி விட்டது. மிச்சத் துண்டைப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுத்தோம்.

கத்தியை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியின் மேல் படுத்துக்கொண்டன. அன்னாசியின் கொண்டையை வெட்டினாள், தோலைச் சீவினாள், கண்களைத் தோண்டினாள். கத்தி நழுவவில்லை. செல்போன் உறைக்காரர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாரு தூக்கம்டா இது?" என்றாள் அக்கா.

"என்னோடதுதான்க்கா."

"அதான் பழகின மாதிரி இருக்கு."

பழகியதுதான். நூற்பாலையில் நான் இரவு ஷிப்ட் பார்த்த நாட்களில், பகலில் என் தூக்கம் கெடாமல் வாசலில் காவல் இருந்தவள் அவள். ஐஸ் வண்டி தெருவில் நுழைந்தால் ஓடிப்போய் அதன் மணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தெருமுனை வரை கூடவே போவாள். நான் தூங்கியதெல்லாம் அந்தக் கைகள் கொடுத்தது. அதை அந்தக் கைகளிலேயே சேர்க்க முடிந்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அலகுக்கு நன்றி சொன்னேன். அது மடங்கிக்கொண்டது.

இப்போது மத்தியானத்தில் எனக்குத் தூக்கம் கிடையாது. வண்டிக்குப் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பேன். நேற்று அக்கா கத்தியை விரித்ததும் அம்மா வந்தாள். அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. மத்தியானத் தூக்கத்தில் மட்டும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். தூக்கம் இடம் மாறிவிட்டதால் விசாரித்துக்கொண்டு இங்கேயே வந்திருக்கிறாள்.

"கை தேவலையாடி?" என்று அக்காவைக் கேட்டாள்.

"தேவலம்மா. மொளகாப்பொடி போடவா?"

"கொஞ்சமாப் போடு."

நான் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் அம்மாவுக்கு இடம் விட்டேன். அவளுக்குப் பின்னால் என் கணக்கு வாத்தியாரும், சின்ன வயதிலிருந்து கனவில் என்னைத் துரத்தும் மாடும், முகம் சரியாகத் தெரியாத ஏழெட்டுப் பேரும் வரிசையில் நின்றிருந்தார்கள். அக்கா அடுத்த பழத்தை எடுத்தாள்.