மேஸ்திரியின் மாத்திரைக் கணக்கு

கடைசி மாத்திரை போட்டு நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கு வார்டில் ஒருவருக்குத்தான் தெரியும், ஏழாம் கட்டிலில் கிடந்த டைல்ஸ் மேஸ்திரிக்கு.

கூட வேலை செய்பவர்கள், தரை மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரையில் நூலளவு சரிவு இருந்தாலும் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண் இப்போது மஞ்சள் பூத்திருந்தது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஈரல் நன்றாக அடி வாங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. எதனால் என்று தெரிந்தால்தான் சரியான வைத்தியம். "குடிப்பீங்களா?" என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர் "அப்பப்ப" என்று சொல்லிவைத்தார். மாத்திரை ஏதாவது? "வலி வந்தா எப்பவாவது ஒண்ணு."

குடிகாரன் என்று பெயர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். மாத்திரையைச் சொன்னால் பிடுங்கிவிடுவார்கள். அது இல்லாமல் அவருக்கு முட்டி மடங்காது. முட்டி மடங்காதவனை நம்பி யார் வீட்டுத் தரையைக் கொடுப்பார்கள்?

நேற்றிலிருந்து கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகியது. கால்கள் ஓரிடத்தில் நிற்காமல் உதைத்துக்கொண்டே இருந்தன. கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. மாத்திரை அட்டைகள் வேலை பேண்ட்டில் இருந்தன. முந்தாநாள் சாயந்தரம் இங்கே சேர்த்த கையோடு, மனைவி அந்தப் பேண்ட்டைத் துவைக்கக் கொண்டுபோய்விட்டாள்.

"என்ன மேஸ்திரி, படுத்துக்கிட்டே ஓடிட்டிருக்கீங்க?" என்றாள் நாடி பார்க்க வந்த நர்ஸ்.

"சும்மா கிடந்து பழக்கமில்ல சிஸ்டர்."

"எங்க வீட்டு பாத்ரூம் தரை போட்டவரும் இப்படித்தான் பரபரன்னு இருந்தாரு. ரெண்டே நாள்னு சொன்னாரு. பத்து நாள் பக்கத்து வீட்ல குளிச்சோம்."

"அவனுக்குத் தொழில் தெரியல. நான்னா மூணு நாள்னு சொல்லியிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்பவும் பத்து நாள்தான் ஆகும்."

நர்ஸ் சிரித்தாள். ஆனால் அவர் கையை உடனே விடவில்லை. புல்லரித்திருந்த தோலைப் பார்த்தாள், கண்மணியைப் பார்த்தாள், கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள்.

சற்று நேரத்தில் மனைவி வந்தாள். மடித்த பேண்ட்டைக் கட்டிலில் வைத்தாள். அவர் கை நேரே பாக்கெட்டுக்குள் போனது.

"என்ன தேடுறீங்க?"

"அளவு டேப்பு."

"டேப்பு சட்டையில இருந்துச்சு. பேண்ட்ல இருந்தது வேற."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க தம்பி வந்து, அண்ணன் இப்படிக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டாரேன்னு ஒரே அழுகை. பத்தொன்பது வருஷம் பக்கத்துல படுக்கிறேன், எனக்குத் தெரியாத வாடையா? குடிகாரன் பொண்டாட்டின்னு பேர் எடுக்கிறதுகூடப் பெரிசில்லைங்க. இல்லாத குடிக்கு வைத்தியம் பார்த்து உங்களைத் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கணுமா நான்?"

கைப்பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "நான் யார்கிட்டயும் காட்டல. காட்டுறதும் முழுங்குறதும் உங்க இஷ்டம்."

எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

ஒரு அட்டையில் நாலு மிச்சம் இருந்தது. தண்ணீர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான். கட்டைவிரல் தானாகவே போய் தகட்டின் மேல் உட்கார்ந்தது. அழுத்தினால் போதும், கால் அடங்கிவிடும், மூக்கு நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார், பின்னாலேயே நர்ஸும். ரசமட்டம் கையை மூடிக்கொண்டார்.

"நல்ல சேதி. நேத்தைவிட இன்னைக்கு ரத்தத்துல ஈரல் பாதிப்பு எண் கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஈரலை அடிக்கிறது எதுவோ அது நின்னா, ஈரல் தானா எழுந்திரிக்கப் பார்க்கும். இங்க வந்தப்புறம் உங்களுக்கு ஏதோ ஒண்ணு நின்னிருக்கு. அது குடி இல்லைன்னு நினைக்கிறேன். சிஸ்டர் எழுதியிருக்காங்க, கொட்டாவி, மூக்கு ஒழுகல், புல்லரிப்புன்னு. பலமான வலி மாத்திரைக்குப் பழகின உடம்பு அது கிடைக்கலைன்னா இப்படித்தான் பண்ணும்."

மேஸ்திரி மூடிய கையைப் பார்த்தார். "சொன்னா நிறுத்திடுவீங்க."

"ஒரேயடியா விட்டுட மாட்டோம். இந்த அவஸ்தையைத் தாங்க மருந்து இருக்கு. முட்டிக்கு ஊசி இருக்கு, பயிற்சி இருக்கு. ஈரலுக்கும் இன்னைக்கே ஏத்த வேண்டிய மருந்து இருக்கு. நீங்க சொல்லாம இருந்தாத்தான் என்கிட்ட ஒண்ணுமில்ல."

கை திறந்தது.

டாக்டரம்மா மூன்று அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் படித்தார். "முட்டி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை. மூணும் வேற வேறன்னு நினைச்சீங்களா?"

"நிறம் வேற வேறயா இருந்துச்சே."

"மூணுக்குள்ளயும் பாரசிட்டமால் இருக்கு. முட்டி மாத்திரையில மட்டும், மூளைக்குப் போய் வலியை மறைக்கிற இன்னொரு மருந்தும் இருக்கு. அதுதான் உங்களைப் பிடிச்சு இழுத்தது. கூட வந்த பாரசிட்டமால் அளவு மீறிப்போய் ஈரலை அடிச்சிருக்கு. இதை எப்படிப் போடச் சொன்னாங்க?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"நீங்க எப்படிப் போட்டீங்க?"

"சதுர அடிக்குப் போட்டேன்."

கோப்பில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸின் பேனா நின்றது.

"தரை நகர நகர வலி ஏறும்மா. அதான் பத்து சதுர அடிக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டேன். முதல்ல முட்டிது, அடுத்த பத்துக்குக் காய்ச்சலுது, அதுக்கடுத்து சளிது. மாத்தி மாத்திப் போட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சேன்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் காணாமல் போனது.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம்."

"ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை?"

ஆறு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னலோரம் நின்றவள் திரும்பி அவரைப் பார்த்தாள். ரசமட்டம் அந்த ஆறை மென்று விழுங்கினார். ஹால், நடை, சமையலறை என்று ஒரு முழு நாள் வேலையை மனசுக்குள் தவழ்ந்து முடித்தார்.

"பதினேழு," என்றார்.