பத்துக்குப் பதிலாக ஐந்து

சுன்னாகத்துக்கு அருகே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு மகா வித்தியாலயத்தின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் பூமியின் இழுப்பு வெளியில் இருப்பதில் பாதிதான். கட்டடம் திறந்த நாள் முதல் அப்படித்தான் என்றாலும், அது வருடக்கணக்காக ஒருவர் கண்ணிலும் படவில்லை. கைதவறிய கண்ணாடி முகவை உடையாமல் தரையில் குந்தினால், நல்ல சாமான் என்று மெச்சினார்கள். கூட்ட வரும் தங்கமுத்துவுக்கு அந்த அறைக்குள் மட்டும் முழங்கால் நோவதில்லை. காற்றோட்டம் நல்லது என்று அவர் நினைத்துக்கொண்டார். வாங்கிலிருந்து குதித்த பெடியள் ஆறுதலாக, மெல்லமெல்லக் கீழே வந்துசேர்ந்தார்கள். அதற்கு அடி விழுந்ததே தவிர, ஆராய்ச்சி ஒன்றும் நடக்கவில்லை.

செயன்முறை வகுப்பிலும் பிடிபடாமல் போனதற்கு நம்மவர்களின் கெட்டித்தனம்தான் காரணம். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு ஆர்முடுகலை, அதாவது விழும் பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் எவ்வளவு கூடும் என்பதைக் கணிக்கும் பரிசோதனையில் ஏறத்தாழப் பத்து வரவேண்டும் என்பது ரியூசனுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். ஆகவே முதலில் பத்தை எழுதிவிட்டு, பின்பக்கமாகக் கணக்குச் செய்து, ஊசல் எவ்வளவு நேரம் ஆடியிருக்க வேண்டுமோ அதையே வாசிப்பாகப் போடுவார்கள். ஊசல் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். இந்த முறையில் படித்தே பலர் பொறியியலாளர்களாகி வெளிநாடும் போய்விட்டார்கள்.

நிவேதனா ரியூசனுக்குப் போகாதவள். பள்ளி விட்டதும் தகப்பன் இராசநாயகத்தோடு தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் போய்விடுவாள். பத்து வரவேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது அவளுக்கும் தெரியும். ஆனால் பார்த்து எழுதச் சொன்னால் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். எத்தனை தரம் ஆட்டினாலும் ஐந்துதான் வந்தது. ஊசல் ஆட்டத் தெரியாத பிள்ளைக்குக் கணிதப் பிரிவு சரிவராது, கலைப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்று பௌதிகம் படிப்பிக்கும் சுபாஸ்கரன் சேர் தகப்பனைக் கூப்பிட்டுவிட்டார். அந்த வகுப்பில் இருந்த ஒரே பெண்பிள்ளை அவள். கணக்கு என்றால் சோறு தண்ணி மறப்பவள்.

"சேர், ஒருக்கா நீங்களே ஆட்டிப் பாருங்கோ," என்றாள், தகப்பன் வாசலில் நிற்கும்போதே.

சுபாஸ்கரன் ஆட்டினார். ஐந்து வந்தது. நூலை மாற்றி ஆட்டினார். அப்போதும் ஐந்துதான். கடைசியில் சட்டைப்பையிலிருந்து வீட்டுக் கதவின் திறப்புக் கோர்வையை எடுத்துக் கையிலிருந்து விட்டார். அது அவசரமில்லாமல் இறங்கி, சத்தமில்லாமல் தரையில் படுத்தது.

"நீங்களும் இஞ்சைதானே படிச்சனீங்கள், சேர். அப்ப உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டாள் நிவேதனா.

"பத்து," என்றார். குனிந்து திறப்பை எடுத்துக்கொண்டே, "பத்தெண்டு எழுதினனான்," என்றார்.

"அப்ப பிள்ளை பிழை விடேல்லையோ?" என்று கேட்டார் இராசநாயகம்.

"இல்லை ஐயா. நாங்கள் ஒருத்தரும் பாக்கேல்லை. பிள்ளைதான் பாத்தது. அவள் இஞ்சையே படிக்கட்டும்."

இராசநாயகம் அறைக்குள் வந்து ஒருமுறை துள்ளிப் பார்த்தார். வெங்காயம் நிறுக்க விற்றராசோடு, அந்தச் சுருள்வில் தராசோடு, வரும் வியாபாரியை மட்டும் இதற்குள் விட்டுவிட வேண்டாம், நிறை பாதிதான் காட்டும் என்று சொல்லிவிட்டு, தோட்டத்து வாய்க்காலில் தண்ணி மாறப் போய்விட்டார்.

அந்தத் தவணைப் பரீட்சையில், நிலைக்குத்தாக மேலே எறியப்பட்ட கல் எவ்வளவு உயரம் போகும் என்று ஒரு கேள்வி வந்தது. முன்வாங்கில் இருந்த நிவேதனா கையை உயர்த்தினாள்.

"எங்கை நிண்டு எறிஞ்சது, சேர்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சுபாஸ்கரன் யன்னலால் வெளியே பார்த்தார்.

"வெளியிலை, முத்தத்திலை," என்றார். எல்லாரும் பத்தைப் போட்டுக் கணக்கைத் தொடங்கினார்கள்.