ஐந்து பேர் கேட்ட குரல்

காலை ஒன்பது மணிக்கு நியமனப் பிரிவு எழுத்தர், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்போன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு கண்ணாடி அறைகள், அறைக்கு ஒரு ஹெட்போன், ஒரு வெள்ளைத்தாள். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அந்த வானொலி நிலையத்துக்கு, வெளியிலிருந்து ஒரு செய்தி ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. நிலையத்தோடு ஒட்டோ உறவோ இல்லாத ஒருவர் வந்து, ஒலிபரப்பைக் கேட்டு, எங்கே உண்மை மறைக்கப்பட்டது, எங்கே ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். விளம்பரத்தில் போடுவதற்கென்ன, எதை வேண்டுமானாலும் போடலாம்.

தேர்வு சுலபமானது. அரை மணி நேரச் செய்தித் தொகுப்பு ஒன்றைத் தனியாக உட்கார்ந்து கேட்டு, மனதில் பட்டதை எழுத வேண்டும். எந்தத் தொகுப்பு என்பது ரகசியம். அந்த ரகசியத்தை எழுத்தர் மூன்று நாளைக்கு முன்பே தன் மச்சினனிடம் சொல்லிவிட்டிருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர். ஆனால் மச்சினனுக்கு இரண்டு வருடமாக வேலை இல்லை. அக்கா வீட்டு முன்னறையே கதி என்று கிடந்தான். மனைவிக்குத் தினமும் அதே பல்லவி.

"ஏங்க, யாரோ ஒரு வேத்து ஆளுக்குப் போற இடம் என் தம்பிக்குப் போனா குடியா முழுகிடும்?"

கேட்டுக் கேட்டு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் கரைந்துவிட்டார். வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்களைப் பற்றிய தொகுப்பு அது, கடைசியில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசுவாள், அதை மறக்காமல் எழுது என்று சொல்லிக் கொடுத்தார். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை.

பத்து மணிக்கு ஆறு பேரும் உள்ளே போனார்கள். எழுத்தர் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தார். ஐந்து தலைகள் மெல்ல ஆடின. ஐந்து பேனாக்கள் ஓடின. ஆறாவது அறையில் இருந்தவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு பெண்மணி. அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, எழுதவும் செய்யாமல், ஆடாமல் அசையாமல் இருந்தார்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் மச்சினன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தான். அடுத்த அறைக்காரரும் துடைத்தார். அப்படி என்னதான் பேசுகிறாள் அந்தப் பெண் என்று எழுத்தர் தன் மேசையிலிருந்த ஹெட்போனை எடுத்து மாட்டினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

காது போய்விட்டதோ என்று பதறிப்போனார். மேசையில் விரலால் தட்டினார். தட்டியது நன்றாகக் கேட்டது. பதிவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் எண்ணைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாற்பத்தாறாம் பதிவுக்குப் பதிலாக அறுபத்துநாலை ஓடவிட்டிருக்கிறார். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்புவதற்காக, ஆள் இல்லாத ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைதியையும் பதிவு செய்து வைப்பது அங்கே வழக்கம். அறுபத்துநாலு அந்த அமைதிதான்.

வெறும் அமைதி என்றாலும் அது வெறுமையாக இல்லை. மிக அருகில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போல இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேரும் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எழுத்தருக்கு நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, ஆனால் கை வரவில்லை. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு நடக்கும்போதே படித்தார். 'அந்தப் பெண்ணின் குரலில் இருந்த நடுக்கம் நெஞ்சைத் தொட்டது' என்று மச்சினன் எழுதியிருந்தான். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மற்ற நான்கு தாள்களிலும் அதே பெண் இருந்தாள், அதே நடுக்கம் இருந்தது. தான் சொன்னது ஒருவனிடம்தானே, இவர்களுக்குச் சொன்னது யார்? நடைபாதையின் கோடியில், தேர்வுக்குழு உட்கார்ந்திருந்த அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போகவே அவருக்குப் பயமாக இருந்தது.

இயக்குநரும் குழுவின் மற்ற இருவரும் ஐந்து தாள்களுக்கும் தாராளமாக மதிப்பெண் போட்டார்கள். லிஃப்ட் பெண்மணியின் தாளில் மூன்றே வரிகள். 'பேச்சு எதுவும் கேட்கவில்லை. தூரத்தில் ஒரு மின்விசிறி ஓடுகிறது. பதின்மூன்றாவது நிமிடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.' இயக்குநர் அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். செவித்திறன் போதாது என்று எழுதி அனுப்பச் சொன்னார். தான் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியின் அனுமதிக் கடிதத்தோடு வந்தவர் என்பதால் பதிலின் நகல் அங்கேயும் போகும். மோட்டார் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கிற தொழில். காது சரியில்லை என்று ஒரு கடிதம் போனால் அவர் பிழைப்பில் மண் விழுந்துவிடும்.

எழுத்தர் நின்றுகொண்டே இருந்தார். வாயைத் திறந்தால் மச்சினன் போவான், தன் வேலையும் போகும். திறக்காவிட்டால் ஒரு தப்பும் செய்யாதவர் போவார்.

"ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து கேட்டுட்டு முடிவு பண்ணலாம் சார்," என்றார்.

தாங்கள்தான் போன வாரமே கேட்டாயிற்றே என்று இயக்குநர் சலித்துக்கொண்டார், ஆனாலும் சரி என்றார். எழுத்தர் அதே அறுபத்துநாலைப் பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டார்.

ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. இயக்குநர் கண்களைப் பாதி மூடிக்கொண்டு மெல்லத் தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாமவர் ஆட்டினார். இரண்டாமவரைப் பார்த்து மூன்றாமவரும் ஆட்டினார்.

"ஆரம்பமே நல்ல கனமா இருக்கு," என்றார் மூன்றாமவர் தாழ்ந்த குரலில்.

பட்டப்பகலில், விளக்குகள் எரிகிற அறையில், எழுத்தருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. இவர்கள் எத்தனை வருடமாக இப்படித் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள்? தானும்தான் எத்தனை வருடமாக?

அப்போது நாற்காலி ஒன்று கிறீச்சென்று இழுபட்டது. மூவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மேசையின் ஓரத்தில், வரப்போகும் ஆலோசகருக்காகப் போட்டிருந்த நாற்காலி காலியாக, வைத்த இடத்திலேயே இருந்தது.

"பதின்மூணாவது நிமிஷம் சார்," என்றார் எழுத்தர். அவர் குரல் நடுங்கியது. "நான் பதிவை மாத்திப் போட்டுட்டேன். இதுல யாரும் பேசவே இல்லை, இது காலி அறையோட சத்தம். அந்தம்மா மட்டும்தான் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்காங்க. என் மச்சினனுக்கு முன்கூட்டியே சொன்னது நான்தான். மத்த நாலு பேருக்குச் சொன்னது யாருன்னு இந்த அறையில இருக்கிறவங்களுக்குத் தெரியும்."

இயக்குநரின் முகம் வெளிறிவிட்டது. "இது வெளிய போனா உன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். வீட்டுல என்ன சொல்றதுன்னுதான் தெரியல." எழுத்தர் அந்த மூன்று வரித் தாளை எடுத்து எல்லாத் தாள்களுக்கும் மேலே வைத்தார். "நம்ம தப்பை நமக்குச் சொல்லத்தான் வெளி ஆளைத் தேடுறோம். அந்த நாற்காலியில நமக்கு வேண்டியவங்களை உட்கார வெச்சா, நாளைக்கு இந்த நிலையமே ஊமையாப் போனாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நாமளும் அதை நம்பிட்டு உட்கார்ந்திருப்போம். கேக்குறதுக்கு ஆளில்லைன்னு ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது சார்."